புழுதியும் சூடும்: கேம்பர் டிரெய்லர் ஃப்ரிட்ஜ் பெட்டியைச் சரிசெய்த அனுபவம்

ஆஸ்திரேலியாவில் மண் சாலைப் பயணத்துக்கென்று கேம்பர் டிரெய்லர், அதாவது காரின் பின்னால் இழுத்துப் போகும் முகாம் வண்டி, வைத்திருப்பவர்களிடம் ஃப்ரிட்ஜை வைக்கும் பெட்டியைப் பற்றிக் கேட்டால் இரண்டு புகார்கள்தான் வரும். பெட்டியை இறுக்கி மூடினால் ஃப்ரிட்ஜ் சூட்டில் திணறுகிறது. காற்றுக்கு வழி விட்டால், சாயங்காலம் திறக்கும்போது தயிர் டப்பாவின் மேல் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. சூட்டுக்குப் பயந்தவர் ஓட்டை போடுவார், புழுதிக்குப் பயந்தவர் அதை அடைப்பார். அடிலெய்டில் நாங்கள் வாங்கிய பழைய டிரெய்லரில் இந்த இரண்டுக்கும் அடையாளம் இருந்தது. பெட்டியின் பக்கத்தில் சாய்ந்த பட்டைகள் வைத்த லூவர் ஜன்னல்கள், அவற்றைச் சுற்றிலும் டேப் ஒட்டி ஒட்டிப் பிய்த்த பசைக் கறை. முந்தைய உரிமையாளர் ஓட்டும்போது ஒட்டியிருக்கிறார், முகாம் போட்டதும் பிய்த்திருக்கிறார்.

அதை நான் கேலி செய்யமாட்டேன். வருடத்துக்கு ஓரிரு முறை, அதுவும் சில மணி நேரம் மட்டும் மண் சாலையில் போகிறவருக்கு டேப் போதும். நாங்கள் போக நினைத்தது ஊட்னடாட்டா டிராக். தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரி என்ற ஊரிலிருந்து மார்லா வரை ஏறக்குறைய 620 கிலோமீட்டர், பழைய கான் ரயில் பாதையை ஒட்டிப் போகும் மண் சாலை. வண்டி நாள் முழுக்க ஓடும். அவ்வளவு நேரம் டேப் ஒட்டி வைத்தால் உள்ளே இருக்கும் மீன் கெட்டுவிடும்.

முதலில் சூட்டைப் பார்ப்போம். இந்த 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ்கள் குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகின்றன. கம்ப்ரசர் ஓடச் செலவாகும் மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 45 லிட்டர் அளவுள்ள ஒரு ஃப்ரிட்ஜ் ஓடும்போது இரண்டும் சேர்ந்து 100 வாட் அளவுக்குப் பெட்டிக்குள் இறங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பெட்டியில் ஃப்ரிட்ஜ் போக மீதமிருக்கும் காற்று ஏறக்குறைய 150 லிட்டர், அதன் எடை கால் கிலோகூடக் கிடையாது. 100 வாட்டைத் தாங்க அது எம்மாத்திரம்? தகரச் சுவர்கள் கொஞ்சம் சூட்டை வெளியே விடும். ஆனால் வெயில் அதே தகரத்தின் மேல்தான் அடிக்கிறது.

பெட்டி சூடானால் ஃப்ரிட்ஜ் உடனே நின்றுவிடாது. கூடுதல் நேரம் ஓடும், அதனால் இன்னும் சூட்டைக் கக்கும், அதனால் இன்னும் கூடுதல் நேரம் ஓடும். 4 ஆம்பியர் இழுக்கும் கம்ப்ரசர் பத்தில் நான்கு பங்கு நேரம் ஓடினால் பேட்டரியிலிருந்து நாளுக்கு 38 ஆம்பியர்-அவர் போகும். ஏழு பங்கு ஓடினால் 67. பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது என்று பலர் இன்னொரு சோலார் பலகை வாங்குகிறார்கள். அதற்கு முன் பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது. முனையை வெளியே நீட்டி வைக்கும் மலிவான மீன்தொட்டி தெர்மாமீட்டர் போதும், ஒன்றைப் பெட்டிக்குள்ளும் ஒன்றை நிழலிலும் வைக்க வேண்டும். நிழலைவிட உள்ளே ஐந்தாறு டிகிரி கூடுதல் என்றால் கவலையில்லை. பதினைந்து இருபது டிகிரி வித்தியாசம் காட்டினால் சோலார் வாங்கி ஒரு பயனும் இல்லை.

புழுதியின் கதை வேறு. ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். காரின் பின் சக்கரங்கள் கிளப்பிய புழுதி முழுதும் அந்த இடத்தில்தான் சுழலும். டிரெய்லரின் மூக்கில், இணைப்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் ஃப்ரிட்ஜ் பெட்டி சரியாக அதற்குள் இருக்கிறது. வெளியே அழுத்தம் ஏறி இறங்க, பெட்டி ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் காற்றை விடுவதும் இழுப்பதுமாக இருக்கும். இந்தப் பக்கத்தில் புல்டஸ்ட் என்று சொல்லும் புழுதி, சல்லடையில் சலித்த அரிசி மாவைப்போல அவ்வளவு மென்மை. கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழிந்துவிடும். காற்று போகிற இடமெல்லாம் அதுவும் போகும்.

எங்கள் பெட்டியில் ஒரு ஃபேனும் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அந்த மாதிரி 12 வோல்ட் ஃபேன், மேல் மூலையில், சூடான காற்றை வெளியே தள்ளும்படி பூட்டியிருந்தது. சூடான காற்று மேலே ஏறும், அதை வெளியேற்ற வேண்டும். பார்த்தால் சரியாகத்தான் தெரிந்தது. கப்பல்களில் குளிர்சாதன வேலை பார்த்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஒருநாள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இந்த ஃபேன் உள்ளுக்க இருக்கிற காத்தை வெளியில தள்ளுது. அப்ப அந்த இடத்துக்குக் காத்து எங்கால வரும்? கதவு இடுக்காலதானே. ஃபேனைத் திருப்பிப் பூட்டும், உள்ளுக்க ஊதட்டும்."

அதற்குப் பிறகு செய்த எல்லா வேலையும் இந்த ஒரு பேச்சிலிருந்து வந்ததுதான். வெளியே தள்ளும் ஃபேன் பெட்டிக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. குறைந்த இடத்தை நிரப்ப எல்லா இடுக்கும் உறிஞ்சும். உள்ளே ஊதும் ஃபேன் அழுத்தத்தைக் கூட்டுகிறது, அப்போது ஒவ்வொரு இடுக்கிலும் காற்று வெளிநோக்கிப் போகும், புழுதி எதிர்த்து வர முடியாது. காற்று நுழைய ஒரே வழி ஃபேன்தான் என்றால், அந்த ஒரு வழியில் ஃபில்டர் வைத்தால் போதும். சூட்டுக்கும் புழுதிக்கும் தனித்தனியாக மருந்து தேட வேண்டியதில்லை.

ஆனால் இடுக்கு அதிகமிருந்தால் எந்த ஃபேனாலும் அழுத்தத்தைக் காக்க முடியாது. அதனால் முதல் வேலை அடைப்புதான். எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்க எளிய வழி, இருட்டிய பிறகு பளிச்சென்ற எல்ஈடி விளக்கொன்றைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு வெளியே சுற்றிப் பார்ப்பது. குனிந்து அடியிலும் பார்க்க வேண்டும். கதவு ரப்பர்தான் குற்றவாளி என்று எல்லோரும் நினைப்போம். எங்கள் பெட்டியில் கதவைவிட அடியில்தான் வெளிச்சம் அதிகமாகக் கசிந்தது. மின்கம்பி நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் உடைந்திருந்தது. ஃப்ரிட்ஜ் வைத்து இழுக்கும் சறுக்குத் தட்டின் போல்ட் துளைகள் போல்ட்டைவிடப் பெரிதாக இருந்தன. அடிமூலைகளில் தகரத்தை மடித்து இடைவெளி விட்டுப் புள்ளிப் புள்ளியாகப் பற்ற வைத்திருந்தார்கள், புள்ளிகளுக்கு நடுவே இடுக்கு. தண்ணீர் வடிய இரண்டு துளைகள் வேறு.

இவற்றைப் பாலியூரிதேன் சீலன்ட்டால் அடைத்தோம். சிலிகோன் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அது உரிந்து வந்த பிறகு அந்த இடத்தில் பெயின்ட்டும் பிடிக்காது, வேறு பசையும் பிடிக்காது. இடுக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைத்த பிறகே சீலன்ட் வைக்க வேண்டும். பழைய புழுதியின் மேல் வைத்தால் கரடுமுரடான சாலையில் அதிர்ந்து அப்படியே கழன்று வரும். வடிகால் துளைகளை நிரந்தரமாக மூடாமல் ரப்பர் மூடி போட்டோம், கழுவும்போது பிடுங்கிக்கொள்ளலாம்.

கதவுக்கு வருவோம். கடையில் கிடைக்கும் ஒட்டும் ஸ்பாஞ்ச் நாடாவை வாங்கவே வாங்காதீர்கள். முதல் மாதம் அருமையாக இருக்கும், பிறகு அமுங்கினது அமுங்கினபடியே நின்றுவிடும். தகர விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பிடியும், பக்கத்தில் உள்ளீடற்ற உருண்டைக் குழலும் உள்ள ரப்பர்தான் சரி, கார்க் கதவில் இருக்கும் அதே வகை. ஈபிடிஎம் ரப்பர் என்று கேட்டு வாங்கினால் வெயிலுக்குத் தாங்கும். இணைப்பை அடிப்பக்கத்தில் வைக்க வேண்டும், மேலே வைத்தால் மழைத் தண்ணீர் இறங்கும். கொஞ்சம் நீளமாக வெட்டி நெருக்கி வைப்பது நல்லது, ரப்பர் நாளடைவில் சுருங்கும்.

ரப்பர் நன்றாக இருந்தும் கதவு வளைந்தால் பயனில்லை. இரண்டு ஓரத்தில் மட்டும் கொக்கி உள்ள நீளமான கதவு நடுவில் லேசாகப் புடைத்துக்கொள்ளும். ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். ஓரத்தில் இறுக்கமாகவும் நடுவில் சுலபமாகவும் வந்தால் கொக்கியை மாற்ற வேண்டும், அல்லது கதவின் உட்புறம் ஒரு எல் வடிவ அலுமினியப் பட்டையை ரிவெட் அடித்து விறைப்பாக்க வேண்டும். நாங்கள் இரண்டாவதைச் செய்தோம், செலவு குறைவு. கீல் பக்கம் தனித் தொல்லை. அங்கே ரப்பர் நேராக அமுங்காமல் தேய்ந்துகொண்டே மூடும். அதற்கு வெளியே, கீலை மூடினாற்போல ஒரு ரப்பர்த் தட்டியைத் தொங்கவிட்டிருக்கிறோம்.

இவ்வளவும் செய்த பிறகும் முதல் மண் சாலையில் கொஞ்சம் புழுதி வரும். வரட்டும். உடனே துடைத்துவிடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். புழுதி நுழைந்த இடத்திலிருந்து விசிறி விரிந்த மாதிரி கோடு கோடாகப் படிந்திருக்கும். அந்தக் கோடுகள் எங்கே குவிகின்றனவோ அங்கேதான் ஓட்டை. விளக்கு காட்டாத இடுக்கைக்கூட அது காட்டிக்கொடுத்தது.

இனி ஃபேனும் ஃபில்டரும். 100 வாட் சூட்டை, வெளிக்காற்றைவிட 5 டிகிரிக்கு மேல் ஏறாதபடி வெளியேற்ற மணிக்கு ஏறக்குறைய 60 கன மீட்டர் காற்று வேண்டும். 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேனின் அட்டையில் 100 என்று போட்டிருப்பார்கள். அது எதிரில் ஒன்றும் இல்லாதபோது. ஃபில்டர் வைத்தால் பாதிகூடத் தேறாது. அதனால் இரண்டு ஃபேன்கள், அதிலும் ரேடியேட்டரின் ஊடாக ஊதுவதற்கென்று செய்த, அழுத்தம் கூடிய வகை.

ஃபில்டரில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஃபேன் முகத்தின் அளவுக்கே ஒரு துண்டு ஸ்பாஞ்சை வெட்டி ஒட்டுவார்கள், சிலர் பெண்கள் அணியும் மெல்லிய காலுறையை இழுத்துக் கட்டுவார்கள். மென்மையான புழுதி அதற்கு நிற்காது, நிற்கும் அளவுக்கு அடர்த்தியாகப் போட்டால் காற்று வராது. பரப்பு பெரிதாக வேண்டும். அதற்கு ஆட்டோ கடையில் கிடைக்கும் சாதாரணக் காரின் ஏர் ஃபில்டரே போதும், மடிப்பு மடிப்பாகக் காகிதம் வைத்த தட்டையான வகை. யோசித்துப் பாருங்கள், 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் முழுமூச்சாக இழுத்தால் மணிக்கு 120 கன மீட்டர் காற்று. அதையே தாங்கும் ஃபில்டருக்கு நம்முடைய 60 ஒரு பொருட்டே இல்லை. புழுதியைத் தடுப்பதுதான் அதன் பிறவிக் கடமையும். அதற்கேற்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அதை உட்கார வைத்து, முன்னால் கழுவக்கூடிய ஸ்பாஞ்ச் ஒன்றை வைத்தோம். பெரும்பாலான புழுதி ஸ்பாஞ்சிலேயே நின்றுவிடும். ராத்திரி தட்டினால் போதும், தண்ணீர் இருந்தால் அலசலாம்.

காற்றை எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். கனமான துகள்கள் தரையை ஒட்டித்தான் அதிகம் பறக்கும். அதனால் உள்ளிழுக்கும் வாயைப் பெட்டியில் வைக்காமல், படகுகளில் காற்றோட்டத்துக்குப் பயன்படும் 75 மி.மீ. நெளிவுக்குழாய் ஒன்றை டிரெய்லரின் முன்சுவர் வழியாகக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோனோம். வாய் பக்கவாட்டில் பார்க்கும். முன்னோக்கி வைத்தால் காற்று தானாக நிரம்பும் என்று சொல்பவர்கள் உண்டு. காரின் பின்னால் சுழலும் காற்றில் அந்தக் கணக்கு நடப்பதில்லை, ஃபேனை நம்புவதே மேல்.

வெளியேறும் வழி ஒன்று வேண்டும். அதுவும் ஃப்ரிட்ஜ் சூட்டைக் கக்கும் இடத்துக்குப் பக்கத்தில். உங்கள் ஃப்ரிட்ஜ் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தப் பக்கம் ஊதுகிறது என்று முதலில் தெரிய வேண்டும், ஒவ்வொரு மாடலும் ஒரு மாதிரி. டிஷ்யூ காகிதத்தை ஃப்ரிட்ஜின் காற்றுக் கிரில் அருகே பிடித்தால் ஒட்டிக்கொள்ளும் பக்கம் இழுப்பது, பறக்கும் பக்கம் ஊதுவது. இழுக்கும் பக்கத்தில் நம் ஃபேன் காற்று வந்து இறங்க வேண்டும், ஊதும் பக்கத்தில் வெளிவழி இருக்க வேண்டும். நடுவில், ஃப்ரிட்ஜுக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே, மென்மையான ஸ்பாஞ்ச் பட்டையால் ஒரு தடுப்பு. இந்தத் தடுப்பு இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜ் தான் கக்கின சூட்டையே சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருக்கும். செய்த வேலைகளில் மிக மலிவானது இதுதான், தெர்மாமீட்டரில் பெரிய மாற்றம் தெரிந்ததும் இதற்குத்தான். கிரில் அருகே நான்கு விரல் இடைவெளி விட வேண்டும். அங்கேதான் எல்லோரும் மடித்த பாயையும் செருப்பையும் செருகுவார்கள், எங்கள் வீட்டிலும்தான்.

வெளிவழிக்கு மேலே கீல் வைத்த ஒரு மெல்லிய ரப்பர்த் தட்டி. உள்ளே அழுத்தமிருந்தால் லேசாகத் தூக்கும், ஃபேன் நின்றால் தானே மூடிக்கொள்ளும். அதன் உள்ளே துருப்பிடிக்காத கம்பி வலை. எறும்புக்காக என்று நினைக்காதீர்கள், எலிக்காக. தானியம் விளையும் பகுதிகளில் எலி பெருகும் வருடம் வந்தால் பிளாஸ்டிக் வலை ஒரு ராத்திரிகூடத் தாங்காது.

ஃபேனுக்கு மூன்று நிலை உள்ள ஒரு ஸ்விட்ச். ஒரு பக்கம் வைத்தால் எப்போதும் ஓடும், மண் சாலைக்கு. மறுபக்கம் 40 டிகிரிக்கு மேல் தானே இயங்கும் சிறிய தெர்மோஸ்டாட் வழியாக, முகாமுக்கு. நடுவில் அணைப்பு, ஓடையைக் கடக்கும்போது. தண்ணீருக்குள் இறங்கும் முன் வெளிவழியையும் மூடிவிட வேண்டும். இரண்டு ஃபேனும் சேர்ந்து அரை ஆம்பியர் என்றால், நாள் முழுக்க ஓடினாலும் 12 ஆம்பியர்-அவர். மேலே போட்ட 38, 67 கணக்கோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

முகாம் போட்ட பிறகு இவ்வளவு ஜோடனை தேவையில்லை. புழுதிக் காற்று அடிக்காத நாளில் சறுக்குத் தட்டைப் பாதி இழுத்து விட்டாலே போதும். அதைவிட வெயில்தான் பெரிய எதிரி. இங்கே ஒன்றை நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் தென்பாதியில் நடுப்பகல் சூரியன் எப்போதும் வடக்குப் பக்கம்தான் நிற்கும். ஊர்ப் பழக்கத்தில் திசை பார்த்து நிறுத்தினால் பெட்டி நாள் முழுக்க வெயிலில் காயும். டிரெய்லரின் மூக்கைத் தெற்கே வைத்து நிறுத்தினால் டிரெய்லரே பெட்டிக்கு நிழல் தரும். மூடியின் உட்புறம் பளபளக்கும் காப்புத் தாள் ஒட்டினால் இன்னும் நல்லது. ஃபேன் எவ்வளவு ஊதினாலும் வெளிக்காற்றைவிடப் பெட்டியைக் குளிர்விக்க முடியாது. அந்த டிராக்கில் இருக்கும் ஊட்னடாட்டா ஊரில் 1960 ஜனவரி 2 அன்று 50.7 டிகிரி பதிவானது. அந்த மாதிரி நாளில் எந்தப் பெட்டியும் தப்பாது. அதனால்தான் அந்தப் பக்கம் மே முதல் செப்டம்பருக்குள் போய் வருகிறார்கள்.

சாலையின் மோசமான பகுதி ஓரிரு மணி நேரம்தான் என்றால் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டே போகலாம். முதல்நாள் ராத்திரியே நன்றாகக் குளிரவைத்து, காலியிடமில்லாமல் அடுக்கியிருந்தால் அந்த நேரத்துக்குள் சூடு ஏறாது. இட்லி மாவு மட்டும் விதிவிலக்கு. டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். கரடுமுரடான சாலையின் குலுக்கலும் கொஞ்சம் சூடும் சேர்ந்தால் அது மூடியைத் தூக்கிக்கொண்டு வரும்.

அதே பெட்டியில் இடம் இருக்கிறதே என்று சமையல் எரிவாயு சிலிண்டரையோ பெட்ரோல் கேனையோ வைக்கவே கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும், நாமோ அடித்துளைகளையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறோம். பக்கத்தில் கம்ப்ரசரும் ஸ்விட்சும் ஓடுகின்றன. பழைய ஈய-அமில பேட்டரியும் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், அதற்கும் தனி இடம், தனி வெளிவழி.

வீடு திரும்பியதும் ஃப்ரிட்ஜின் சூட்டை வெளியே விடும் பகுதியான கண்டென்சரைச் சுத்தம் செய்ய வேண்டும். கிரில்லைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, காற்றடித்தால் போதும். காற்றடிக்கும்போது ஃப்ரிட்ஜின் ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், வேகமாகச் சுழலவிட்டால் பேரிங் போகும். ஈரத்துணி வேண்டாம், புழுதி சேறாகி இடுக்கில் காய்ந்துவிடும்.

இனிமேல்தான் டிரெய்லர் வாங்கப்போகிறீர்கள் என்றால், ஃப்ரிட்ஜைக் காரின் பின்பக்கம் வைக்க இடம் உண்டா என்று முதலில் பாருங்கள். காருக்குள் ஏசி இருக்கிறது, ஏர் ஃபில்டர் இருக்கிறது, உள்காற்றுச் சுழற்சியை அணைத்து வெளிக்காற்றை எடுக்கும்படி வைத்தால் உள்ளே அழுத்தமும் கொஞ்சம் கூடும். எங்களுக்குப் பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள், அதற்குப் பின்னால் பைகள். இடமில்லாததால்தான் இத்தனை வேலையும்.